கள ஆய்வு சித்திரையில் மட்டும்

மதுரைப் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள் என்று யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட, இனிமேல் அவர்கள் தன்னந்தனியாக ஏமாறக் கூடாது என்று ஒரு வாரியம் அமைத்தார்கள். பெயர், வீடு வாங்குவோர் பிழைத் தடுப்பு வாரியம். அதற்கு ஒரு மண்டல அலுவலகம், அலுவலகத்துக்கு ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு டிரைவர், டிரைவருக்கு ஒரு உதவியாளர். வாரியம் கொடுக்கிற பிழையின்மைச் சான்றிதழ் இல்லாமல் யாரும் வீட்டைப் பதிய முடியாது, பேங்கில் கடனும் கிடைக்காது. ஒருவன் தன் சொந்தக் காசில் ஏமாற வேண்டுமென்றாலும் இனி டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும்.

அழகுபாண்டிக்கு இந்த வாரியத்தின் மேல் ரொம்ப மரியாதை. சிம்மக்கல்லில் போர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர் அவர். பூமிக்குக் கீழே நானூறு அடியில் என்ன நடக்கிறது என்று மோட்டாரின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் காகிதம் என்றால் பயம். அவருடைய சகலை, நான்கு பேருக்கு ஏற்கெனவே விற்கப்பட்ட ஒரு மனையை ஐந்தாவது ஆளாகக் கிரயம் செய்து, மற்ற நால்வரோடும் இன்றைக்கு வரைக்கும் கோர்ட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.

அழகுபாண்டியும் அவர் மனைவி ஜெயக்கொடியும் இருபத்திரண்டு வருடத்தில் ஏழு வாடகை வீடு பார்த்துவிட்டார்கள். ஏழு வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லாதவர்கள். ஆனாலும் ஏழு பேரும் முதல் நாளே ஒன்றுபோல் சொன்னார்கள்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. கல்யாணப் போட்டோ இருபத்திரண்டு வருடமாக பீரோவின் மேல் சாய்ந்தே நின்றது.

"எனக்கு மாடி வேணாம், மார்பிள் வேணாம்" என்பாள் ஜெயக்கொடி. "யாரையும் கேக்காம ஒரு ஆணி அடிக்கணுங்க. அம்புட்டுத்தான்."

அந்த ஆணிக்காகத்தான் இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்கள்.

தை மாதக் கடைசியில் விளாங்குடியில் ஒரு வீடு அமைந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேடான தெரு. வீட்டுக்காரி மலையம்மாள், ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். "மக திருமங்கலத்துல இருக்கா. எனக்கு முழங்காலு முடியல, அவகிட்டயே போயிரலாம்னு பாக்குறேன்" என்றார். "நாப்பது வருசமா இருக்கேன், எம்புட்டு மழை பேஞ்சாலும் வாசல்ல ஒரு சொட்டு நின்னதில்ல. போர்ல தண்ணி இளநி மாதிரி இருக்கும்."

அழகுபாண்டி சுவரின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். ஓதம் இல்லை. மோட்டாரைப் போட்டுக் கேட்டார். சத்தம் சுத்தமாக இருந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரத்தோடு வாரியத்துக்குப் போனார்.

மண்டலப் பிழைத் தடுப்பு அலுவலர் பாண்டிராஜ் நல்ல மனிதர். வருகிறவர்களை நிற்கவைத்துப் பேச மாட்டார். உட்காரவைத்து, பிறகு மூன்று மணி நேரம் வர மாட்டார். வந்ததும் பத்திரத்தைப் பிரித்தார்.

"வடக்கு எல்லை என்னன்னு போட்டிருக்கு?"

"பேச்சிமுத்து வீட்டுப் புளியமரம்னு போட்டிருக்கு சார்."

"மரம் எங்க?"

"அத வெட்டி முப்பது வருசம் ஆச்சாம் சார். இப்ப அங்க காம்பவுண்டுச் சுவரு இருக்கு."

"சுவரு பத்திரத்துல இருக்கா?"

"இல்ல சார்."

பாண்டிராஜ் பேனாவை மூடி வைத்தார். "பாருங்க. மரம் பத்திரத்துல இருக்கு, தரையில இல்ல. சுவரு தரையில இருக்கு, பத்திரத்துல இல்ல. அப்ப இந்த வீடு வடக்க எங்கதான் முடியுது? இமயமலை வரைக்கும் போகுதா? அம்புட்டு எடத்துக்கும் உங்ககிட்டப் பணம் இருக்கா? இதுதாங்க பிழை எண் பதினாலு. மரம் செத்துப்போச்சுன்னா செத்ததுக்கு ஒரு சான்று கொண்டாங்க."

அழகுபாண்டி இதை ஒரு நியாயமான கோரிக்கையாகவே எடுத்துக்கொண்டார். இறப்புப் பதிவு செய்கிற இடத்துக்குப் போய் வரிசையில் நின்றார். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: இறந்தவர் பெயர்? புளியமரம். தகப்பனார் பெயர்? தெரியாது. ஆஸ்பத்திரியிலா, வீட்டிலா? வீட்டில்தான். இறந்த இருபத்தோரு நாளுக்குள் ஏன் பதியவில்லை? தாமதத்துக்குக் காரணம் காட்டி மரத்தின் வாரிசு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வரிசையில் யாரும் சிரிக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லோரும் ஏதோ ஒரு மரத்துக்காகத்தான் வந்திருந்தார்கள் போல.

வாரிசைத் தேடினால், பேச்சிமுத்துவின் மகன் விருமாண்டி சிம்மக்கல்லிலேயே, அழகுபாண்டியின் கடைக்கு இரண்டு தெரு தள்ளிக் கறிக்கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கறி வெட்டுகிற கட்டையைத் தட்டிக் காண்பித்தார்.

"அந்த மரந்தாண்ணே இது. அப்பா வெட்டுனப்ப அடித்தூர நான்தான் கடைக்குக் கொண்டாந்தேன். முப்பது வருசமா இதுலதான் தொழிலு. வேணும்னா அமாவாசைக்குக் கடை லீவு, அன்னிக்கு எடுத்துட்டுப் போயிக் காட்டிட்டு வாங்க."

அமாவாசையன்று அழகுபாண்டி புளியங்கட்டையை ஆட்டோவில் ஏற்றி வாரியத்துக்குக் கொண்டுபோனார். பாண்டிராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு, உதவியாளரை விட்டு அளந்து குறித்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லது. வடக்கு எல்லை உயிரோடதான் இருக்கு. இதோட நிரந்தர விலாசம் என்ன?"

"சிம்மக்கல்லு கறிக்கடை சார்."

"அப்பச் சரி. வீடு விளாங்குடியில ஆரம்பிச்சுச் சிம்மக்கல்லு கறிக்கடையில முடியுது. இடையில இருக்கிற வீட்டுக்காரங்க, கடைக்காரங்க எல்லார்கிட்டயும் ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிக்கங்க." பிறகு கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணு. சிம்மக்கல்லு விளாங்குடிக்குத் தெக்க இருக்கு. வடக்கு எல்லை தெக்க இருக்கிறது பிழை எண் இருபத்தாறு. அதுக்குத் தனியா ஒரு பாரம் பூர்த்தி பண்ணணும்."

நீங்களும் நானுமாக இருந்தால் அந்தக் கட்டையை எடுத்து அவர் மேஜைமேல் போட்டுவிட்டு வந்திருப்போம். அழகுபாண்டி தனி பாரம் வாங்கிக்கொண்டார். விளாங்குடியிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி, "உங்க வீடு எங்க வீட்டுக்குள்ள இருக்கு, அதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கேட்டார். மூன்று பேர் வாரியத்தின் முத்திரையைப் பார்த்துப் பயந்து கையெழுத்துப் போட்டார்கள். நான்காவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

இப்படியே மாசி, பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. மலையம்மாளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அட்வான்ஸை ஒரு ரூபாய் குறைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறினார். வாரியத்தின் நாற்பத்தொரு பிழைகள் கொண்ட கையேட்டில் அப்படி ஒரு மனுஷிக்கு எங்கேயும் இடம் இல்லை.

பாண்டிராஜ் ஆறுதல் சொன்னார். "வருத்தப்படாதீங்கண்ணே. ஒரு பெரிய பிழையில இருந்து உங்களக் காப்பாத்தியிருக்கோம்." பிழையிலிருந்து காப்பாற்றப்பட்டோர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அழகுபாண்டியின் வரிசை எண் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அத்தனை பேரும் இன்னமும் வாடகை வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள் என்று சொல்லும்போது பாண்டிராஜுக்குக் கண் கலங்கியது.

பிறகு, எதிர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, பெயர் விக்ரம். திருமங்கலம் ரோட்டுக்கு உள்ளே நியூ கோகுலம் சிட்டி என்று வீடு கட்டி விற்கிறவன். "இவரு வீட்டுல ஒரு பிழையும் வராதுங்க. பிளான் போடுறப்பவே எங்ககிட்டக் கேட்டுத்தான் போட்டாரு."

நியூ கோகுலம் சிட்டியைப் போய்ப் பார்த்தார்கள். சித்திரை வெயில். தரை பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் விரல் போகிற அளவுக்கு இருந்தது. புது வீடுகள் இருபது, பெயிண்ட் வாசனையோடு. நடுவில் சிறுவர் பூங்கா என்று ஒரு போர்டு. பூங்காவில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு இரண்டு பழைய கல்தூண், குறுக்கே இரண்டு கல்சட்டம். தங்க நிறப் பெயிண்ட் அடித்து அதில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள்.

இந்தப் பக்கத்துக் கண்மாய்களைப் பார்த்திருக்கிற யாருக்கும் அது என்னவென்று தெரியும். கண்மாய்க்கு உள்ளே, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மடையைத் திறந்து மூடுவதற்காக நட்டு வைத்த தூண். தண்ணீர் நிற்காத இடத்தில் அதைக் கொண்டுபோய் நட எந்த ராஜாவுக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, இது மடைத்தூணு மாதிரி இருக்கே?"

"ஐயோ அண்ணே, அது ஆன்டிக் லுக்குக்கு வச்சது" என்றான் விக்ரம். "பிளான்லயே அலங்காரத் தூணுன்னு போட்டு அப்ரூவல் வாங்கியாச்சு. பாக்குறீங்களா?"

அழகுபாண்டி குதிகாலால் தரையைக் கிளறினார். கறுத்த வண்டல். இருபது வருடமாக மண்ணுக்குள் குழாய் இறக்குகிற அவருக்கு அந்த மண் எங்கே படியும் என்று தெரியும். மனசுக்குச் சரியாகப் படவில்லை. வாரியத்துக்குப் போய் நேராகவே கேட்டார்.

அங்கே எல்லாம் தயாராக இருந்தது. வடக்கே இருபத்துநாலு அடி ரோடு, தெற்கே மனை எண் பதினெட்டு, கிழக்கே பூங்கா, மேற்கே மனை எண் ஏழு. பத்திரத்தில் ஒரு மரம் கிடையாது, ஒரு மனுஷன் கிடையாது. நாற்பது நிமிடத்தில் சான்றிதழ் டைப் ஆகி வந்துவிட்டது. பாண்டிராஜ் முத்திரையைக் கையில் எடுத்தார்.

"சார், மழைக்காலத்துல அங்க தண்ணி நிக்குமான்னு பாத்தீங்களா?"

"கள ஆய்வு பண்ணாமக் குடுப்பமா? போன வருசம் சித்திரையில நானே ஜீப்புல போயிப் பாத்தேன். அப்பளமாட்டம் காஞ்சு கெடந்துச்சு."

"இல்ல சார், மழைக்காலத்துல."

"மழைக்காலத்துல அங்கிட்டு எப்படிங்க போறது?" பாண்டிராஜுக்கு அழகுபாண்டியின் அறியாமையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. "இடுப்பளவு தண்ணி நிக்கும், ஜீப்பு போகாது. அதனாலதான் வாரியம் கள ஆய்வைச் சித்திரையில மட்டும் வச்சிருக்கு."

சொல்லிவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அழகுபாண்டி அதைக் கேட்டார். இரண்டு காதாலும் கேட்டார். இந்த இடத்தில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் மூன்று மாதம் ஒரு புளியமரத்தின் பின்னால் அலைந்தவனிடம் நாற்பது நிமிடத்தில் ஒரு சான்றிதழை நீட்டினால், அவன் கையைத்தான் நீட்டுவான். அதுவும் அது அரசாங்க முத்திரை. தன் காலுக்குக் கீழே இருந்த மண்ணைவிடத் தன் கையில் இருந்த காகிதம் விவரம் தெரிந்தது என்று அவர் நம்பினார்.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். ஜெயக்கொடி சுத்தியலை வாங்கி, முன்னறைச் சுவரில் அவளே ஆணி அடித்தாள். நான்கே தட்டில் இறங்கியது. கல்யாணப் போட்டோவை எடுத்து வந்தாள். அழகுபாண்டி குறுக்கே புகுந்து, முதல் ஆணியில் லேமினேஷன் போட்ட சான்றிதழ்தான் தொங்க வேண்டும் என்றார். "இது இல்லைன்னா இந்த வீடு ஏது?" அவளும் சரியென்று இன்னொரு ஆணி அடித்தாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எட்டு ஆணி அடித்துவிட்டாள். அதில் நான்கில் தொங்கவிட ஒன்றும் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான்காம் நாள் தண்ணீர் தெருவுக்கு வந்தது. ஐந்தாம் நாள், வெளியூர் போயிருந்த வீட்டுக்காரன் திரும்பி வருவது போல, யாரையும் கேட்காமல் உள்ளே வந்தது. அதனுடைய இடம். கட்டில் நனைந்தது, பிரிட்ஜ் சாய்ந்தது, சமையல்கட்டில் கெண்டைக்குஞ்சு ஓடியது. பூங்காவில் ஊஞ்சல் பலகை மிதந்தது. தங்கத் தூண் இரண்டும் நடுத்தண்ணீரில், எதற்காக நட்டார்களோ அதற்காக நின்றன. விக்ரமின் போன் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று பாஷையில் சொன்னது.

அழகுபாண்டி முழங்கால் வரைக்கும் நனைந்த வேட்டியோடு வாரியத்துக்குப் போனார். "சார், வீட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சு. நீங்க பிழை இல்லைன்னு எழுதிக் குடுத்த வீடு."

"அப்பப் பிழை இருக்க முடியாதே" என்றார் பாண்டிராஜ். "சான்றிதழ் இருக்கிற வீட்டுல பிழை இருந்தா அது எங்க சான்றிதழ்ல பிழைன்னு ஆகிரும். எங்க சான்றிதழ்ல பிழைன்னா வாரியமே பிழைன்னு ஆகிரும். அம்புட்டுத் தூரம் போகலாமா? வந்திருக்கிறது தண்ணி. தண்ணி எங்க வாரியத்துக்குக் கீழ வராது."

பத்து நாள் கழித்து ஒரு நோட்டீஸ் வந்தது. கண்மாய் நீர்ப்பிடிப்பை ஆக்கிரமித்துக் குடியிருக்கும் அழகுபாண்டி என்பவர் உடனே காலி செய்ய வேண்டும், தவறினால் கட்டடம் இடிக்கப்படும். கீழே கையெழுத்து, பாண்டிராஜ். நீர்நிலை ஆக்கிரமிப்பு அகற்றும் வேலையை வாரியத்துக்கே கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள்.

இந்தமுறை ஜெயக்கொடியும் கூடப் போனாள். சான்றிதழையும் நோட்டீஸையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டுலயும் உங்க கையெழுத்துத்தான சார் இருக்கு?"

"நல்லாப் பாருங்கம்மா. இது பாண்டிராஜ், பிழைத் தடுப்பு. இது பாண்டிராஜ், கூடுதல் பொறுப்பு. ரெண்டு பேரையும் போட்டுக் குழப்பாதீங்க. அவரு உங்களுக்கு நல்லது பண்ணாரு. இவரு கண்மாய்க்கு நல்லது பண்றாரு."

அழகுபாண்டிக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "கள ஆய்வு பண்ணாம எப்படி சார் இடிப்பீங்க? மழைக்காலத்துல அங்கிட்டு ஜீப்பே போகாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஜீப்புக்குத்தாங்க தண்ணி ஆகாது" என்றார் பாண்டிராஜ். "ஜேசிபிக்கு ஆகும்."

கார்த்திகையில் ஜேசிபி வந்தது. வாரியத்தின் வரலாற்றில் முப்பது நாளில் முடிந்த கோப்பு அது ஒன்றுதான். ஜெயக்கொடி கல்யாணப் போட்டோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டில் நின்றாள். அழவில்லை. குறடு வாங்கி எட்டு ஆணியையும் பிடுங்கி முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள். சான்றிதழில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. லேமினேஷன் அவ்வளவு தரம்.

வீடு போனது, பேங்க் தவணை போகவில்லை. எட்டாவது வாடகை வீட்டுக்காரர் முதல் நாளே சுவரைக் காட்டிச் சொன்னார். தெரியும் என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி பீரோவின் மேல் போட்டோவைச் சாய்த்தாள். அழகுபாண்டிக்கு அதுதான் வாரியத்தைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

மார்கழியில் ஒரு நாள், விடாத தூறலில், விளாங்குடியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. மோட்டார் ஓடவில்லை, இரண்டு நாளாக வீட்டில் தண்ணீர் இல்லை. விலாசத்தைத் தேடிப் போனால், மலையம்மாளின் வீடு. கதவைத் திறந்தது கைலி கட்டிய பாண்டிராஜ்.

"அட, அழகுபாண்டி அண்ணனா! வாங்க, வாங்க. நீங்க காட்டிக்குடுத்த வீடுதான்."

அழகுபாண்டி கையில் டூல்ஸ் பையோடு நின்றார். "சான்றிதழ் கெடைச்சிருச்சா சார்? வடக்கு எல்லை?"

"வாரிய ஊழியர்களுக்குச் சான்றிதழ் தேவையில்லண்ணே. விதிவிலக்கு இருக்கு. எது பிழைன்னு எங்களுக்கே தெரியும், அப்புறம் எங்கள யாரு தடுக்கணும்? அந்தம்மா வேற யாருக்கும் விக்க முடியாமக் கெடந்தாங்க. பாதி விலைக்கு முடிஞ்சுது."

"எப்படி சார் தைரியமா வாங்குனீங்க?"

"ஐப்பசியில கொட்டுகொட்டுன்னு கொட்டுச்சுல்ல? நீங்க நனஞ்சுபோயி ஆபீசுக்கு வந்தீங்களே, அன்னிக்குத்தான். மத்தியானம் குடையப் பிடிச்சுக்கிட்டு வந்து இந்தத் தெருவுல அரைமணி நேரம் நின்னேன். ஒரு சொட்டு நிக்கல. அக்கம்பக்கத்துல நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். சாயங்காலமே அட்வான்ஸ் குடுத்துட்டேன்." பாண்டிராஜ் பிரியமாக அவர் தோளில் கை வைத்தார். "வீடுன்னா மழையில வந்து பாக்கணும்ணே. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க இம்புட்டு அனுபவம் உள்ள ஆளு, இதப்போயி விட்டுட்டீங்களே!"

முன்னறைச் சுவரில் வரிசையாகப் போட்டோக்கள் தொங்கின. அழகுபாண்டி அந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு பின்பக்கம் போய், மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றினார். கண்டென்சர் கருகியிருந்தது. ஐந்து நிமிட வேலை. பையிலேயே புதுசு இருந்தது. அழகுபாண்டி பெட்டியை மூடி, நான்கு ஸ்குருவையும் பழையபடி முறுக்கிவிட்டு எழுந்தார்.

"என்னண்ணே, சரியாப்போச்சா?"

"பாத்துட்டேன் சார். மழைக்காலத்துல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. கள ஆய்வு சித்திரையில மட்டுந்தான். சித்திரையில வாரேன்."

பாண்டிராஜுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "என்னண்ணே இது? அதுவரைக்கும் தண்ணிக்கு நான் என்ன பண்றது?"

"தண்ணி எனக்குக் கீழ வராது சார்" என்றார் அழகுபாண்டி.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். தூறல் வலுத்து மழையாகியிருந்தது. மலையம்மாள் சொன்னது சரிதான், வாசலில் ஒரு சொட்டும் நிற்கவில்லை.